ஏரிக்கு உப்புப் போட்ட கதை

நாங்கள் வந்திறங்கிய காலத்தில் இந்த ஊர் எங்களுக்குப் படிப்பித்த முதல் பாடம் எது என்று கேட்டால், உங்களில் சிலர் ஆங்கிலம் என்பீர்கள், சிலர் பஸ் என்பீர்கள். நான் உப்பு என்பேன். கறிக்குப் போடுகிற உப்பல்ல. சாம்பல் நிறத்தில், கல்லுக் கல்லாக, பெரிய பையில் வரும் உப்பு. வாசற்படியில் ஐஸ் பிடித்தால் உடனே போட வேண்டும். போடாவிட்டால் தபால்காரர் விழுந்து இடுப்பை முறிப்பார், பிறகு எங்கள் மேல் வழக்கு வரும், வழக்கு வந்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முன்னால் வந்தவர்கள் வெருட்டி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போக முதல் மார்ஜரின் டப்பாவில் உப்பு அள்ளிப் படியில் எறிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். எங்கள் வீட்டில் அது என் வேலை. அந்த வேலையில் எனக்குப் பெரிய தலைக்கனமும் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் 'ஏரிக்கு உப்புப் போட்ட கதை' என்று ஒன்று உண்டு. பிறந்தநாள், திருமணம், செத்தவீட்டு அந்தியேட்டிச் சடங்கு எதுவென்றாலும் அப்பா அதைச் சொல்லாமல் எழும்ப மாட்டார். முப்பத்தைந்து வருடமாகச் சொல்கிறார். முப்பத்தைந்து வருடமாகப் பிழையாகச் சொல்கிறார். பிழை என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த மாசி மாதம்தான் அது முடிவுக்கு வந்தது. அதனால் சரியான கதையை என் வயதுக்காரர்களான உங்களுக்காவது ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அப்போது வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் ஒரு சின்ன வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். எனக்குப் பத்து வயது. மேலே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். எழுபதை நெருங்கிய, ஒல்லியான, நெடிய மனிதர். எஸ்தோனியா என்ற நாட்டில் பிறந்து, யுத்தகாலத்தில் வாலிபனாக ஒரு சின்னப் படகில் கடல் தாண்டித் தப்பியவர். எங்களுக்கு வீட்டைத் தரும்போது அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி. "நீங்கள் படகிலா வந்தீர்கள், விமானத்திலா?" அப்பா விமானம் என்றார். கிழவருக்கு முகம் சற்று வாடிவிட்டது. ஆனாலும் வீட்டுத் திறப்பைத் தந்தார்.

அவருடைய கராஜில் கன்வஸ் துணியால் மூடிய நீளமான ஒரு சாமான் கிடந்தது. நான் யன்னலால் எட்டிப் பார்த்து, அது சவப்பெட்டிதான் என்று முடிவு கட்டினேன். தனி ஆள், வயது போனவர், முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வேறு அம்மா என்றால் "உனக்கேன் உந்த விடுப்பு, பிறத்தியார் வீட்டை எட்டிப் பாக்கிறது" என்று குட்டியிருப்பார். என் அம்மா சேலைத் தலைப்பைச் செருகி, அதற்குமேல் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, நேரே கிழவரிடம் போய்க் கேட்டுவிட்டார்.

கிழவர் சிரித்துக்கொண்டே துணியை இழுத்தார். வார்னிஷ் மணமும் எண்ணெய் மணமும் குப்பென்று வந்தன. மீன் மாதிரி ஒடுங்கிய மர உடம்பு. குறுக்கே ஒரு நீளப் பலகை. பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று என மூன்று இரும்புக் கத்திகள், சறுக்குச் சப்பாத்தின் கத்திகளைப் பெரிதாக்கியதுபோல. பாய்மரம் சுவரில் சாத்தியிருந்தது. உறைந்த ஏரியில் காற்றால் ஓடும் வள்ளம் என்றார். ஒருவர் ஓட்டலாம், இன்னொருவர் அவருக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு இருக்கலாம். பிறகு, சும்மா சொல்வதுபோல, "காற்றைவிட மூன்று மடங்கு வேகமாகப் போகும்" என்றார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"காத்துத் தள்ளுற சாமான் காத்தைவிட வேகமாப் போகுமாம். கிழவர் நல்லாக் கதை விடுறார்!"

அம்மா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "அதெப்பிடி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அதெப்பிடி?" என்றார். அம்மா ஊரில் ரியூட்டரி என்ற தனியார் வகுப்பில் பௌதிகம் படிப்பித்தவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இங்கே வந்தபிறகு அவர் கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்தார். நாங்கள் எல்லோரும், அவரும்கூட, அவர் படிப்பித்ததை மறந்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கிழவருக்குக் கண்ணில் படலம். நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் ஒரு பழைய மண்ணிற வான் வண்டி இருந்தது. ஆகவே ஒப்பந்தம் இப்படி: அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வள்ளத்தைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு சிம்கோ ஏரிக்குப் போக வேண்டும், அங்கே கிழவர் எனக்கு ஒரு ஓட்டம் தருவார். ஒரே ஒரு ஓட்டம். நான் துள்ளிய துள்ளலில் மேல்தட்டில் இருந்த கப் விழுந்து உடைந்தது.

துள்ளினால் போதுமா? ஏரி சம்மதிக்க வேண்டுமே. ஐஸ் தடிப்பாக இருக்க வேண்டும். அதன்மேல் ஸ்னோ இருக்கக்கூடாது, இருந்தால் கத்திகள் புதைந்துவிடும். காற்று வேண்டும், ஆனால் வெறிபிடித்த காற்று கூடாது. இந்த மூன்றும் ஒரே நாளில் சேர வேண்டும், அந்த நாள் அப்பாவுக்கு வேலை இல்லாத ஞாயிறாகவும் இருக்க வேண்டும். கிழவர் சொன்னார், குளிர்காலத்தின் கடைசிக் கிழமைகள்தான் நல்லவை என்று. பகலில் வெயில் ஸ்னோவை உருக்கும், இரவில் குளிர் அதை இறுக்கும், ஏரி வழுவழுவென்று வரும். ஆனால் அதே வெயில்தான் கரையைத் தின்னத் தொடங்கும். நல்ல ஐசுக்கும் இல்லாத ஐசுக்கும் இடையில் சில நாட்கள்தான் கிடைக்கும்.

சனிக்கிழமை பின்னேரங்களில் கிழவர் ஏரிக்கரையில் இருந்த தன் சிநேகிதருக்கு ரெலிபோன் எடுப்பார். நாங்கள் கீழே சூடுகாற்று வரும் துவாரத்தின் கீழ் கதிரை போட்டு ஏறி நின்று கேட்போம். அவர் தன் பாஷையில் பேசுவது ஒரு சொல்லும் விளங்காது. ரிசீவரை வைக்கிற சத்தத்தை வைத்தே பலனைக் கண்டுபிடிப்போம். மெல்ல வைத்தால் போகலாம். டக்கென்று வைத்தால் சரிவராது. மெல்ல வைத்தாரா டக்கென்று வைத்தாரா என்று எனக்கும் அம்மாவுக்கும் சண்டையே வரும்.

முதல் ஞாயிறு போனோம். வழியில் புதிதாக ஸ்னோ கொட்டிவிட்டது. ஏரி முழுக்க வெள்ளைப் போர்வை. கிழவர் ஒரு இரும்புக் கம்பியால் ஐசைக் குத்திக் குத்தி நடந்தார், ஒவ்வொரு குத்துக்கும் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு வானுக்குள் இருந்து எல்லோரும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். சம்பல் உறைப்பில் கிழவருக்குக் கண்ணீர் ஓடியது, ஆனால் விடாமல் இரண்டாம்முறையும் கேட்டு வாங்கினார். அம்மா தன் புத்தக இங்கிலிசில் அவரைக் கேள்வியாய்க் கேட்டார். எவ்வளவு தடிப்பு? அடியில் தண்ணீர் ஓடுமா? கரையில் ஏன் நிறம் வேறு? அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பாத்தியே, அம்மாக்குப் பயம் பிடிச்சிட்டுது."

நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை கேள்வி கேட்பவர் பயந்தவராகத்தானே இருக்க வேண்டும்?

இரண்டாவது ஞாயிறுக்கு முன் நடுக்கிழமையில் மழை பெய்து உறைந்தது. போய்ப் பார்த்தால், அப்பப்பா! ஏரி கறுத்த கண்ணாடி. குப்புறப் படுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைக் குமிழிகள் அடுக்கடுக்காக நின்றன, அதற்குக் கீழே ஒன்றுமில்லாத கறுப்பு. ஆனால் காற்று இல்லை. காற்றின் திசை பார்க்கப் பாய்மரத்தில் கிழவர் கட்டியிருந்த சிவப்புக் கம்பளி நூல் செத்த பல்லிவால் போலத் தொங்கியது. திடீரென்று ஏரி அடிவயிற்றிலிருந்து 'ஊம்' என்று முழங்கியது. நான் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினேன். அம்மா ஓடவில்லை. தலையைச் சரித்து அடுத்த முழக்கத்துக்காகக் காத்து நின்றார். ஐஸ் வளரும்போது அப்படித்தான் சத்தம் போடும், சத்தம் போடாத ஐசுக்குத்தான் பயப்பட வேண்டும் என்றார் கிழவர். அப்பா வானுக்குள் குறட்டை விட்டார்.

அந்தக் கிழமை வீட்டில் ஒரு கூத்து. ரசத்துக்குப் புளி ஊறப்போட்ட அம்மா, அதிலிருந்த புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமத்தினார். கொட்டை வழுக்கிச் சீறிக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டியில் அடித்தது. இன்னொன்று. அது என் கொப்பியில் விழுந்தது. இன்னொன்று.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"விரல் மெல்லத்தான் அமத்துது. கொட்டை பார், என்ன வேகமாப் போகுது." மறுபடியும் ஒன்றை எடுத்தார். "காத்து ஒரு விரல். கத்தி ஒரு விரல். அப்பிடித்தான் இருக்கவேணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலைக்களையில் அம்மாவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்து, கொட்டைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு எல்லாம் சேர்ந்தது. ஐசும் நல்லது, ஸ்னோவும் இல்லை, மத்தியானத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து காற்றும் எழும்பியது. ஆனால் கிழவர் என்னை ஏற்றவில்லை. முதலில் தான் தனியே போய் வெடிப்புகளைப் பார்த்து வர வேண்டும் என்றார். அது அவருடைய விதி. குனிந்து வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நாலடி ஓடினார், பாய்ந்து ஏறினார், அவ்வளவுதான். எழுபது வயது மனிதர் ஒரு வெள்ளைக் கீறாகிப் போனார். சில நிமிடங்களில் எங்கேயோ ஏரியின் நடுவில் ஒரு புள்ளி. அப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா கரையில் வழுக்கி, தொம் என்று விழுந்தார். சிநேகிதரின் காணியில் ஏரிக்கு இறங்க ஒரேயொரு சீமெந்துச் சரிவுதான் இருந்தது. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுப் படகுத்துறைகள். மரத்தூண்களை ஐஸ் நெரிக்காமல் இருக்க, அங்கே தண்ணீருக்குள் காற்று ஊதிக்கொண்டிருக்கும் இயந்திரம் பூட்டியிருந்தார்கள். அதனால் அந்தப் பக்கங்களில் ஐஸ் பிடிப்பதில்லை. எல்லோரும் அந்தச் சரிவால்தான் இறங்க வேண்டும். அம்மா விழுந்ததும் அப்பா கையைத் தட்டிச் சிரித்தார்.

"இஞ்சேரும், உமக்கு உது சரிவராது. வானுக்குள்ளை போய் இரும்."

அம்மா பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழும்பினார். கிழவர் திரும்பி வந்ததும் அவரிடம் போய் நின்றார். பாய்மரத்து நூலைக் காட்டி ஏதோ கேட்டார். கிழவர் ஒரு தடியால் கரையில் கிடந்த ஸ்னோவில் கோடு கீறினார். அம்மா தடியை வாங்கி இன்னொரு கோடு கீறினார். பொழுது சாயத் தொடங்கிவிட்டதால், வள்ளத்தைச் சிநேகிதரின் பொறுப்பில் ஐசிலேயே விட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு எல்லோரும் ஓடலாம் என்று கிழவர் அறிவித்தார்.

அடுத்த ஞாயிறும் அம்மா வழுக்கி விழுந்து, கையையோ காலையோ முறித்தால்? என் ஓட்டம் அவ்வளவுதான். அம்மாவில் அக்கறை இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், ஓட்டத்தில் அக்கறை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

வானின் பின்பக்கம், சில்லு வழுக்காமல் பாரத்துக்கு என்று, ஒரு முழுப்பை உப்புக் கிடந்தது. மார்ஜரின் டப்பாவும் கிடந்தது. ஐஸ் என்றால் உப்பு. இது எனக்குத் தெரியாதா? அப்பா வானின் முன்கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மாவும் கிழவரும் கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். நான் சரிவிலிருந்து ஏரிக்குள்ளே ஆறேழு கெஜத் தூரத்துக்கு, அம்மா ராணி மாதிரி நடந்துவர, அகலமாக ஒரு பாதை போட்டேன். பை முடியும்வரை போட்டேன். கல்லுகள் ஐசில் கரையும்போது வருமே அந்தச் சின்ன நொறுநொறுப்பு, அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னைப்போலக் கெட்டிக்காரி உண்டா!

நாலாவது ஞாயிறு. வெயில் சுள்ளென்று அடித்தது, காற்றும் நன்றாக இருந்தது. சரிவில் இறங்கிய கிழவர் அப்படியே நின்றார். நான் போட்ட பாதை இருந்த இடத்தில் ஐஸ் இல்லை. கறுத்த தண்ணீர் சளக் சளக் என்று சீமெந்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கிழமை வெயிலும் உப்புமாகச் சேர்ந்து கரையைத் தின்றுவிட்டன. அந்தத் தண்ணீருக்கு அப்பால், நல்ல ஐசில், வள்ளம் அழகாக நின்றது.

கிழவர் குந்தியிருந்து, ஓரத்தில் மிஞ்சியிருந்த ஐசைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார். மெல்லத் திரும்பினார்.

"யார்?" என்றார்.

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான்," என்றார் இங்கிலிசில். "வழுக்கியது. அதனால் போட்டேன். மன்னிக்க வேண்டும்."

அப்பா தலையில் கைவைத்தார். "ஐயோ, உமக்கென்ன விசரே? ஏரிக்கு ஆரும் உப்புப் போடுவினமே?"

கிழவர் அம்மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். வெளியே ஐஸ் ஒரு அடிக்கு மேல் தடிப்பு, அங்கே பயமில்லை. ஆனால் இந்தக் கரையில் இனி நிற்க முடியாது, மணிக்கு மணி மோசமாகும். வள்ளத்தை இப்போதே ஓட்டிக்கொண்டு போய், இரண்டு மைல் தள்ளி ஊர்ப் பொதுத்துறையில் கரையேற்ற வேண்டும். அப்பா வானை அங்கே கொண்டுவர வேண்டும். திரும்பி வருகிற பேச்சில்லை. ஒரே ஓட்டம், ஒரே ஆளை ஏற்றலாம். சிநேகிதரின் நீளமான ஏணியைத் தண்ணீருக்கு மேலே போட்டு, அதில் ஒரு பலகையும் கட்டினார். கட்டி முடித்து நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

அம்மா தலையாட்டி மறுத்து என்னைக் காட்டினார். "பிள்ளை போகட்டும்."

பிறகு ஜக்கற்றின் சிப்பை இறக்கி, கழுத்திலிருந்து ஒரு கயிற்றைக் கழற்றினார். அதில் இரண்டு சின்ன மரப்பிடிகள், ஒவ்வொன்றின் முனையிலும் தீட்டிய ஆணி. ஐஸ் உடைந்து தண்ணீருக்குள் விழுந்தால், குத்திப் பிடித்து மேலே ஏறுவதற்கானவை. கிழவர் செய்தவை. அம்மா அதை என் கழுத்தில் மாட்டிவிட்டார். கயிறு அம்மாவின் உடம்புச் சூட்டில் இருந்தது. பிடிகள் என் வயிறுவரை தொங்கின.

ஓட்டம் எப்படி இருந்தது? பொறுங்கள். அதைக் கேட்க முதல் உரிமை உள்ள ஆள் வேறு.

வீடு திரும்பும் வழியிலேயே அப்பா கதையைக் கட்டத் தொடங்கிவிட்டார். "உலகத்திலை ஏரிக்கு உப்புப் போட்ட ஒரே பொம்பிளை இவதான்." நெடுஞ்சாலை முடிவதற்குள் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டன. அம்மா சிரித்தார். நான் யன்னலோடு ஒட்டிக்கொண்டு ஊமையாக இருந்தேன். வாயைத் திறந்து ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும், அதோடு சேர்ந்து உப்பும் வெளியே கொட்டிவிடும் என்ற பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அந்த நாளைக்கு வரவேயில்லை. அம்மாவிடம் "ஏன் நீங்கள் பழியை ஏற்றீர்கள்" என்று கேட்கவுமில்லை. தாய் என்றால் அப்படித்தான் என்று சுலபமாக எடுத்துக்கொண்டேன். எப்படியும் அம்மாவுக்கு வள்ளம் என்றால் பயம், அவருக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லை என்று கணக்கை முடித்தேன்.

கோடையில் கிழவர் வீட்டை விற்றுவிட்டு மேற்கே மகனிடம் போய்விட்டார். நாங்களும் வீடு மாறினோம். ஆணிப்பிடிகளை நான் வானின் கதவுப் பைக்குள் போட்டது நினைவிருக்கிறது. வான் பிறகு பழைய இரும்புக்குப் போனது, அவையும் அதோடு போயிருக்கும்.

இந்த மாசியில் ஒரு ஞாயிறு, அப்பாவையும் அம்மாவையும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, யூனியன்வில்லில் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடிய அப்பா வழக்கம்போலத் தொடங்கினார். வயது எழுபத்தெட்டு, கதையில் ஒரு சொல் மாறாது. உப்பு, தண்ணீர், கிழவரின் நாக்கு, "உமக்கென்ன விசரே", ஏணி, ஆணிப்பிடி. மேசையில் இருந்த எல்லோரும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். என் மகளுக்குப் பதினான்கு வயது. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வெயிற், பொறுங்கோ. அம்மம்மா ஏன் அதைக் கழுத்திலை போட்டிருந்தவ?"

"எதைப் பிள்ளை?" என்றார் அப்பா.

"அந்த ஆணித் திங். அது ஐசுக்குள்ளை விழுந்தாத்தானே வேணும்? அம்மம்மா போறதா இல்லையே. ஷி வாஸ் ஸ்கேர்ட், ரைட்? தென் வை?"

நான் கையில் பாயசக் கோப்பையோடு நின்றேன். எதையும் துருவிப் பார்க்கும் விடுப்புக்காரி என்று பெயர் எடுத்தவள் நான். சவப்பெட்டியா என்று எட்டிப் பார்த்தவள், கிழவரின் ரெலிபோனுக்குக் காது கொடுத்தவள். முப்பத்தைந்து வருடமாக இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. அந்தக் கயிற்றின் சூடுகூட என் கழுத்துக்கு நினைவிருக்கிறது, ஆனால் கேள்வி வரவில்லை.

அம்மா கதிரையில் இருந்தபடி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் ஓட்டம் எனக்கெண்டு அவர் சொன்னவர்," என்றார் அமைதியாக. "கோடு கீறினமே, அண்டைக்கு. ஏறிப் பாத்தாத்தான் விளங்கும், அடுத்த ஞாயிறு நீங்கள் முதல், பிறகு பிள்ளை எண்டு சொல்லி, அந்தக் கிழமை ஆணிப்பிடியைத் தந்தவர். என்ரை கைக்கு அளவாச் செய்தது."

"என்னட்டைச் சொல்லேல்லையே!" என்றார் அப்பா.

"நீங்கள் கை தட்டிச் சிரிச்சனீங்கள்."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"அப்பா, உப்புப் போட்டது நான்."

"என்ன?"

"நான்தான். முழுப் பையும் நான்தான் போட்டனான். அம்மா இல்லை."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவருடைய வாய், கிழவர் ஏரியில் புள்ளியாகிப் போன அன்றைக்குத் திறந்த மாதிரியே திறந்தது. "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரைப் பகிடி பண்ணினனான்?" என்று தனக்குத்தானே கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ அம்மா, நான்தான் எண்டு?"

"மார்ஜரின் டப்பா கரையிலை கிடந்தது. எனக்குத் தெரியாதே?" அம்மா சிரித்தார். "உன்ரை முகத்தைப் பாத்தன். செத்துப்போன முகம். நான்தான் எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பிறகு எந்த முகத்தோடை போய் முதல் ஆளா ஏறுறது?"

என் கண் பொங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உந்தக் கதையை விடு. உப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீ ஏறினனீதானே? அண்டைக்கு வானுக்குள்ளை நீ ஒண்டும் சொல்லேல்லை. பிறகும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை, அழுதிடுவாய் எண்டு. இப்ப சொல்லு. எப்பிடி இருந்தது?"

நான் அம்மாவின் காலடியில் தரையில் இருந்தேன். சொன்னேன். ஏணியில் தவழ்ந்துபோனது, பலகை வளைந்தது, கீழே தண்ணீர் பார்த்தது. கிழவர் எண்ணெய் மணக்கும் பழைய கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டது. அவர் தள்ளிக்கொண்டு ஓடும்போது கத்திகள் முதலில் கரகரவென்று, பிறகு சீறி, பிறகு ஒரே ஒரு நீளமான மணியோசையாக மாறியது. என் முதுகு அவர் முழங்காலில், என் முகம் ஐசிலிருந்து ஒரு முழம். ஒரு பக்கக் கத்தி சற்றே மேலே எழும்பியபோது, என் வயிறும் எழும்பியது. குமிழிகள், வெடிப்புகள், எல்லாம் கோடுகளாகிவிட்டன. நான் கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வலக்கை விரல்கள் இரண்டும் ஒன்றோடொன்று அமந்திருந்தன.

"அந்தச் சிவப்பு நூல்," என்றார். "கரையிலை நிக்கேக்கை காத்து எந்தப் பக்கம்?"

"எங்களுக்கு இடப்பக்கம்."

"ஓடேக்கை? ஓடேக்கை நூல் எந்தப் பக்கம் பறந்தது?"

நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அது கண்ணுக்குள் நிற்கிறது.

"பின்பக்கம் அம்மா. நேரே என்னைப் பாத்துப் பறந்தது. காத்து முன்னுக்கிருந்துதான் வந்தது. அவர் வளைச்சுத் திருப்பினவர், அப்பவும் முன்னுக்கிருந்துதான். எந்தப் பக்கம் போனாலும் முன்னுக்கிருந்துதான்."

அம்மா கண்ணைத் திறந்தார். விரல்களை விட்டார், புளியங்கொட்டை ஒன்று இருந்து பறந்ததுபோல.

"அதுதானே," என்றார். "வள்ளம் காத்தை முந்தினாத்தான் எந்தப் பக்கம் போனாலும் காத்து முன்னுக்கிருந்து வரும். நான் கீறின கோடு சரி."